கிராணியின் வாலைப் பற்றி, ஊர் கேட்க என் மகளுக்கு

மகளே,

இதெல்லாம் நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னவன் நான். நீ பாலர் பள்ளிக்குப் போகிற வயதில், பொம்மைக் கரடியின் காதுக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "இவ மிருக டாக்டராத்தான் வருவா, எழுதி வச்சுக்க" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் எழுதி வைக்கவில்லை, அது அவள் தப்பு. நாய் வாலுக்கும் ஒரு நாள் சட்டம் பேசுவார்கள் என்று சாப்பாட்டுக் கடையில் சொன்னபோது, தே தாரே டீ குடித்துக்கொண்டிருந்தவனுக்கெல்லாம் புரையேறியது. இன்றைக்குப் பேசுகிறார்கள். அப்பனும் மகளும் ஊர் பார்க்க ஒரே மண்டபத்தில் மோதிக்கொள்வோம் என்றேன், மோதினோம். அதில் நான்தான் ஜெயிப்பேன் என்றேன், ஜெயித்தேன். ஜெயித்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. அந்த ஜெயிப்பைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் கடிதம் உனக்கு மட்டும் இல்லை. இதில் ஒரு பிரதி கோயில் மண்டபத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், இன்னொன்றைப் படம் பிடித்து நம் தாமான் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போடச் சொல்லியிருக்கிறேன். மண்டபத்தில் நான் பேசியதை அத்தனை பேரும் கேட்டார்கள் அல்லவா, இதையும் அத்தனை பேரும் படிக்கட்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவன் நான். வாத்தியார் என்னை நிறுத்தினார் என்று மற்றவர்கள் சொல்வார்கள், உண்மையில் நான்தான் வாத்தியாரை நிறுத்தினேன். ஆகையால் எழுத்தில் தப்பு இருந்தால் நீ திருத்திப் படித்துக்கொள். விஷயத்தில் தப்பு இருந்தால் அதை நானே திருத்துவேன். யாருக்கும் பயந்து எழுதவில்லை. சட்டத்துக்கும் இல்லை, முனியாண்டிக்கும் இல்லை, உன் அம்மாவுக்கும் இல்லை. அம்மாவுக்குக் கொஞ்சம்.

கூட்டம் எதற்கு என்று படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வைத்தியக் காரணம் இல்லாமல் நாய் வாலை வெட்டக் கூடாது, வெட்டினால் குற்றம் என்று சட்டத்தை இறுக்கப் போகிறார்களாம். வேட்டை நாய்களுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாமா என்று ஊர்க் கருத்துக் கேட்க ஓர் அதிகாரி வந்தார். விலக்கு வேண்டும் என்று லோரி ஓட்டும் முனியாண்டியும் அவனுடைய பன்றி வேட்டைக் கூட்டமும் ஒரு பக்கம். எண்ணெய்ச் செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றி தோண்டிப் போட்டால் தோட்ட நிர்வாகம் இவர்களைத்தான் கூப்பிடும், அதனால் அவர்கள் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. விலக்கு வேண்டாம் என்று ரவாங் கிளினிக்கிலிருந்து நீ வந்து இன்னொரு பக்கம் நின்றாய். முனியாண்டியின் மனுவும் உன் அறிக்கையும் இந்த வெள்ளிக்கிழமை அந்த அதிகாரி கைக்குப் போக வேண்டும். இதுதான் விவகாரம்.

நீ நன்றாகப் பேசினாய், இல்லை என்று எவன் சொன்னாலும் என்னிடம் அனுப்பு. வால் என்றால் சும்மா தொங்குகிற தோல் இல்லை, முதுகெலும்பின் மிச்சம், உள்ளே நரம்பு ஓடுகிறது, நாய் ஓடித் திரும்பும்போது சமநிலைக்கு அதுதான், இன்னொரு நாயிடம் பேசுவதற்கும் அதுதான் என்றாய். முனியாண்டி விடவில்லை.

"டாக்டர் பொண்ணே, நாய் பேசுறதுக்கா நாங்க கூட்டிட்டுப் போறோம்? பன்னி புடிக்கத்தானேலா!"

மண்டபமே சிரித்தது. நீயும் சிரித்துவிட்டு, "மாமா, உங்க நாய் முள்ளுல கிழிச்சுட்டு வந்தா தையல் போட எங்கிட்டதான் வர்றீங்க. போன வருஷம் நாலு தடவை வந்தீங்க. காலு, காது, வயிறு எல்லாம் தச்சேன். ஒரு தடவையாச்சும் வாலு தச்சேனா?" என்று கேட்டாய்.

"வாலுதான் இல்லையே, எப்புடித் தைப்ப?"

"அப்ப அந்தக் காலையும் வெட்டிரலாமா மாமா?"

அப்போது கை தட்டியவர்களில் நானும் ஒருவன். யாரும் கவனிக்கவில்லை. அதற்குள் முனியாண்டி என் பக்கம் திரும்பி, "வெட்டு மாமா உக்காந்திருக்காரு, அவரு சொல்லட்டும். பத்தாங் பெர்ஜுந்தை தோட்டத்துல இந்தப் பொண்ணோட உசுரக் காப்பாத்துனது எந்த நாயி, அதுக்கு வாலு இருந்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லட்டும்" என்றான். எல்லாத் தலையும் திரும்பியது. எல்லாத் தலையும் திரும்பினால் எனக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். எழுந்துவிட்டேன்.

வெட்டு மாமா என்ற பெயர் எனக்குச் சும்மா வந்துவிடவில்லை. என் கையால் வால் போன குட்டிகள் முந்நூறுக்குக் குறையாது. நன்றாக யோசித்துப் பார்த்தால் ஐந்நூறு இருக்கும். உலு யாமிலிருந்து மோட்டார்சைக்கிள் கூடையில் குட்டி வரும். சுங்கை பஞ்சாங்கிலிருந்து நெல் போடும் சீனர் ஒருவர் ஒரு ஈற்றுக் குட்டிகள் அத்தனையையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து, வேலை முடிந்ததும் ஒரு மூட்டை அரிசியை இறக்கி வைத்துவிட்டுப் போனார். பாக்குவெட்டியை அடுப்பில் காய்ச்சி, தேங்காய் எண்ணெய் தடவி, ஒரே அழுத்து. மேலே சாம்பலும் மஞ்சளும். வெட்டிய நுனியை நாய்க்காரன் தன் வீட்டு வாசற்படிக்கு அடியில் புதைத்துவிட வேண்டும், அப்போதுதான் நாய் வீட்டை விட்டு வேறு எங்கும் போகாது. நம் லயத்து வீட்டு வரிசையில் வெறும் படி என்று சொல்ல ஒன்றுதான் இருக்கும். தோட்டத்தை விற்று, லயத்தை இடித்து, நம்மை எல்லாம் திசைக்கொருவராய் அனுப்பினார்களே, அன்றைக்கு வாசற்படிகளை மண்வாரி இயந்திரம் பெயர்த்து எடுத்தது. நாய்கள் போகாமல் இருக்கத்தான் புதைத்தோம். போனது நாங்கள்.

சட்டக்காரர்களுக்கும் நான் ஒன்று சொல்ல வேண்டும், அதையும் ஊர் படிக்கட்டும். பங்களா வீட்டு இரும்புக் கதவுக்குப் பின்னால் நின்று குரைக்கிறதே, கறுப்பும் பழுப்புமாய்ப் பெரிய நாய், அதன் வால் எங்கே? அழகுக்காகக் குட்டியிலேயே வெட்டி, கடையில் வைத்து, விலை போட்டு விற்கிறார்கள். அதைப் பார்த்து ஒருவனும் ஐயோ என்று சொன்னதில்லை. தோட்டத்துக்காரன் கையில் பாக்குவெட்டியைப் பார்த்தால் மட்டும் எல்லாருக்கும் இரக்கம் பொங்குகிறது. இதை நான் உன்னிடமே ஒரு முறை கேட்டேன். "அவங்களுக்கும் நான் வெட்ட மாட்டேம்பா" என்றாய். பிறகுதான் தெரிந்தது, பெரிய காரில் வந்த ஒருவரின் குட்டியை நீ திருப்பி அனுப்பிவிட்டு, கிளினிக் முதலாளியிடம் திட்டு வாங்கிய கதை. அந்தக் கதையை நான் பாசிர் பெனம்பாங் மீன் கடை வரைக்கும் கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறேன். நான் சொல்லும்போது அந்த ஆளுக்கு டத்தோ பட்டம் கொடுத்துவிட்டேன், முதலாளியை நீ திருப்பித் திட்டியதாகவும் சொல்லிவிட்டேன். கேட்பவனுக்கும் ஏதாவது வேண்டுமே.

கண் திறக்காத குட்டிக்கு வலி தெரியாது என்று நான் இத்தனை வருடம் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். நீ படித்துவிட்டு வந்து, "கத்துதேப்பா, வலிக்காமலா கத்துது?" என்றாய். "அது ஆத்தாளத் தேடிக் கத்துது" என்றேன். உனக்குப் பதில் சொல்லிவிட்டேன். எனக்குச் சொல்லிக்கொள்ளத்தான் முடியவில்லை. எங்களை வேலை வாங்கிய மண்டோரின் வீட்டுக் குட்டி ஒன்று, உனக்கு ஞாபகம் இருக்காது. பத்தாம் நாள் கொண்டுவந்தார்கள், அது தாமதம் என்று எனக்கே தெரியும், ஆனால் மண்டோர் முன்னால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்டினேன். இரத்தம் நிற்கவில்லை. மறுநாள் காலை போய்விட்டது. பாம்பு தீண்டியிருக்கும் என்று சொன்னேன், மண்டோரும் சரி என்று சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க லயத்துப் பெண்கள் பாம்பைத் தேடிப் புல் வெட்டினார்கள். தப்புச் செய்கிறவன் பயந்தால்தான் அதை மறைப்பான் என்று நினைக்காதே. நான் பெருமைக்காக மறைத்தேன். பெருமைதான் எனக்குப் பயத்தைவிடப் பெரிய எஜமான்.

சரி, மண்டபத்துக்கு வருகிறேன். எழுந்து நின்று கிராணியின் கதையைச் சொன்னேன். தெரியாதவர்களுக்காக: கிராணி என்பது நம் நாய். காலையில் பெரட்டுக்கு ஆள் கணக்கு எடுக்கும்போது, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணிக்குப் பக்கத்தில் போய் நின்று, வரிசையில் நிற்கிற ஒவ்வொருவனையும் மேலும் கீழும் பார்க்கும். அதனால் அந்தப் பெயர். உண்மைக் கிராணிக்கு அதில் ரொம்ப வருத்தம். உனக்கு மூன்று வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னையும் கிராணியையும் கூட்டிக்கொண்டு இளஞ்செம்பனைக் காட்டுக்குப் போனேன். இருநூறு கிலோவுக்குக் குறையாத ஒற்றைப் பன்றி உன் மேல் பாய்ந்தது. மண்டபத்தில் அதை இருநூற்றைம்பது என்றேன். கிராணி குறுக்கே விழுந்தது. பன்றி அதன் வாலைக் கவ்வப் பார்த்தது, வால் இருந்தால்தானே! பல் வெறுங்காற்றைக் கடித்தது. அந்த நேரத்துக்குள் கிராணி திரும்பி அதன் காதைப் பிடிக்க, நான் பத்தடி தூரத்திலிருந்து அரிவாளை எறிய, பன்றி ஓடியே போய்விட்டது. வால் மட்டும் இருந்திருந்தால் என் மகள் இன்று டாக்டராக இந்த மண்டபத்தில் நின்றிருக்க மாட்டாள் என்று முடித்தேன். இந்தக் கதையை நான் இருபத்தைந்து வருடமாகச் சொல்லி வருகிறேன். அன்றைக்குச் சொன்ன மாதிரி என்றைக்கும் சொன்னதில்லை.

நீ என்ன செய்வாய் என்று எதிர்பார்த்தேன் தெரியுமா? சண்டைக்கு வருவாய் என்று நினைத்தேன். எந்தப் பன்றியப்பா வாலைக் கடிக்கும் என்று கேட்டிருந்தால், நான் பதிலுக்கு ஒரு கதை சொல்லியிருப்பேன், ஊர் சிரித்திருக்கும், அத்தோடு முடிந்திருக்கும். நீ ஒலிவாங்கியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாய். "பன்னி வாலப் புடிக்கும்னு நான் படிச்ச எதுலயும் இல்ல. ஆனா எங்கப்பா கண்ணால பாத்திருக்காரு. எனக்கு அப்ப மூணு வயசு, எனக்கு ஞாபகம் இல்ல. அந்த நாயாலதான் நான் இந்தப் படிப்பே படிச்சேன். எங்கப்பா சொன்னா உண்மை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாய். முனியாண்டி ஆட்கள் எழுந்து கை தட்டினார்கள். உன் அம்மா எழுந்து வெளியே போனாள். உன் மேல் கோபம் என்று நீ நினைத்துக்கொண்டாய். இல்லை மகளே. அன்றிலிருந்து நேற்று வரைக்கும் அவள் என்னிடம் பேசியது மொத்தமே இவ்வளவுதான்: "சட்டியில சோறு இருக்கு, போட்டுத் தின்னுங்க."

மூன்றாம் நாள் நீ ரவாங்கிலிருந்து போன் பண்ணினாய். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "அப்பா, கிராணியோட விஷயத்த நான் என் ரிப்போர்ட்ல எழுதப் போறேன். எனக்குப் பாதகமா இருந்தாலும் மறைக்கக் கூடாதுல்ல. வால் இல்லாததால ஒரு நாய் தப்பிச்சது எங்க குடும்பத்துலயே நடந்திருக்குன்னு எழுதி, கீழ நானே கையெழுத்துப் போடறேன்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "எடைய இருநூத்தம்பதுன்னு போடு" என்றேன். நீ சிரித்தாய். நான் போனை வைத்துவிட்டு வெளியே போய், மோட்டார்சைக்கிளைத் துடைத்தேன். அன்று காலைதான் துடைத்திருந்தேன். என் வாய் என்னோடு இருக்கிறவரை அது ஊருக்கு ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். அதே வார்த்தை உன் கையெழுத்துக்கு மேல் ஏறி உட்கார்ந்தால் அது மருத்துவர் சொன்னதாகிவிடும். அதைக் காட்டி எவன் வேண்டுமானாலும் எத்தனை குட்டியையும் வெட்டுவான். நீ ஒரு பொய்யும் எழுதாமல் படித்து வாங்கிய பட்டம் அது.

நேற்றுச் சாயங்காலம் முனியாண்டி வந்தான். ஒரு கையில் மனு, மறு கையில் மூங்கில் கூடை. கூடையில் நாலு குட்டி, ஐந்து நாள் வயது, இன்னும் கண் திறக்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாய் ஏறிக்கொண்டு கிடந்தன.

"அண்ணே, இதுல ஒரு கையெழுத்து. கிராணி கதையப் பையன் டைப் பண்ணிட்டான். அப்புறம் இந்த நாலையும் பாத்து விட்டுருங்க, சட்டம் வர்றதுக்குள்ள."

"கூடைய எடுத்துட்டுப் போ."

"ஏண்ணே, கை நடுங்குதா? வயசாச்சுன்னா சொல்லுங்க, பாக்குவெட்டியக் குடுங்க, நான் பாத்துக்கறேன்."

"என் கை நடுங்குதான்னு பாக்கணும்னா உன் மீசையக் கொண்டா, பாக்குவெட்டியாலயே சரி பண்ணி விடறேன்."

"என்னாண்ணே இது! மண்டபத்துல சிங்கம் மாதிரி பேசிட்டு... பொண்ணுக்குப் பயந்துட்டீங்களா?"

"ஆமாலா, பயந்துட்டேன். உனக்கென்ன? உன் பொண்ணு உன்னப் பாத்து ஒரு நாளாவது 'எங்கப்பா சொன்னா உண்மை'ன்னு நூறு பேருக்கு முன்னால சொல்லியிருக்கா? சொல்லட்டும், அப்பறம் நீயும் பயப்படுவ."

மனுவை அவன் கூடைக்குள்ளேயே வைத்து, குட்டிகளுக்குப் போர்த்திவிட்டு அனுப்பினேன். பாக்குவெட்டியையும் அவனிடம் கொடுக்கவில்லை. அதை அடுப்படியில் உன் அம்மா பாக்கு வைத்திருக்கும் தட்டில் போட்டேன். அவள் அதை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "நல்லாக் கழுவிட்டுப் போடுங்க" என்றாள். ஒன்பது நாளில் அதுதான் இரண்டாவது பேச்சு.

இனி முனியாண்டி என்னைப் பொய்யன் என்பான், சொல்லட்டும். சாப்பாட்டுக் கடையில் நான் உட்காருகிற நாற்காலியில் வேறு எவனாவது உட்காருவான், உட்காரட்டும், நான் போய் நின்றால் எழுந்துவிடுவான். சட்டக்காரர்களுக்கும் நான் தலை ஆட்டப் போவதில்லை. பங்களா நாய்க்கும் தோட்டத்து நாய்க்கும் ஒரே சட்டம் போட்டால் மட்டும் என்னிடம் வரட்டும். ஆனால் உன் அறிக்கையில் கிராணியின் பெயர் வருவதானால், அது சரியாக வர வேண்டும். பன்றியின் எடை, நான் எறிந்த அரிவாள், பத்தடி தூரம், இதெல்லாம் கதைக்குப் போட்ட உப்பு. அதை நீ கேட்கும்போதே கழித்துக்கொண்டிருப்பாய். நான் சொல்ல வந்தது வேறு.

நீ பிறந்த அதே வாரத்தில்தான் கிராணியும் பிறந்தது. உன்னைத் தொட்டில் சேலையில் போட்டிருந்தாள் அம்மா, குட்டி கீழே சாக்கில் கிடந்தது. பாக்குவெட்டியைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு குந்தினேன். குட்டி முனகியது. அந்தச் சத்தத்துக்குத் தொட்டிலில் இருந்து நீ அழுதாய். ஊர்க் குட்டிகளை எல்லாம் வெட்டிய கை அன்று என் வீட்டில் எழவில்லை. பிறகு ஊரெல்லாம், "எங்க நாய்க்கு எல்லாம் வெட்டிட்டு, உன் நாய்க்கு மட்டும் கொடி பறக்குதா?" என்று கேட்டது. சிரித்து மழுப்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ சாக்கின் மேல் தூங்கிவிட்டாய். கிராணியை உன் பக்கத்தில் விட்டுவிட்டு, நான் வைத்த கண்ணியில் பன்றி விழுந்ததா என்று பார்க்கப் போனேன். பத்தடி இல்லை, அரை மைல். திரும்பி வந்தால் சாக்கு வெறுமையாகக் கிடந்தது. சுற்றிலும் பன்றி உழுத சேறு, உன்னைவிட உயரமாய் லாலான் புல். கத்தினேன், என் குரலே எனக்குக் கேட்கவில்லை. தூரத்தில் புல்லுக்கு மேல் ஒரு வெள்ளை நுனி ஆடியது. அதைக் குறி வைத்து ஓடினேன். தொடை கிழிந்து இரத்தம் ஒழுக கிராணி நின்றது, அதன் காலடியில் நீ உட்கார்ந்து மண்ணைத் தின்றுகொண்டிருந்தாய். பன்றியை நான் பார்க்கவே இல்லை. தோட்டம் கலைந்து இந்த ஊருக்கு வந்தபோது கிராணியைப் பார்த்தவர்கள் இங்கே யாரும் இல்லை, உன் அம்மாவைத் தவிர. நான் உன்னைத் தனியே விட்டுப் போனதை எவனும் கேட்காத மாதிரி கதையைக் கட்டினேன். தூரத்திலிருந்து பார்த்த அந்த வெள்ளை வால் நுனிக்கு அதில் இடம் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் உன் காகிதத்தில் இதை எழுது, கீழே என் பெயரையும் போடு: கிராணிக்கு வால் இருந்தது, இல்லை என்பது நானே கட்டியது.